2014 ஃபிட் ஹைபிரிட்: "ரீகால் எல்லாம் ஜப்பானிலேயே முடிஞ்சுது" என்றால் நம்பலாமா?

கேள்வி: தெஹிவளை வாசகர் ஒருவர், 2025 ஜூன் 12

2014 ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் ஒன்று பார்த்திருக்கிறேன். மாடல் குறியீடு ஜீபி5. மீட்டர் 84,000 கிலோமீட்டர். பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தாலும் புது வண்டி விலை எங்களுக்கு எட்டாது, அதனால் பழையதுதான். இரண்டு பேர் அந்தக் கியர் பெட்டியைத் தொடாதே என்கிறார்கள். விற்பவரோ ரீகால் (பிழை கண்ட வண்டிகளை நிறுவனமே திருப்பி அழைத்துத் திருத்துவது) எல்லாம் ஜப்பானிலேயே முடிந்தது, யோசிக்க வேண்டாம் என்கிறார். ஞாயிறு முற்பணம் கேட்கிறார். என்ன செய்ய?

2025 ஜூன் 12, இரவு 10.40

ஞாயிறு முற்பணம் கொடுக்க வேண்டாம். மிச்சம் நாளைக்கு. இங்கே கரண்ட் இல்லை, ஃபோனிலும் சார்ஜ் இல்லை.

2025 ஜூன் 13

சரி. ரீகால் முடிந்தது என்கிற அந்த வசனத்தைக் கொழும்பில் கார் விற்கிற எல்லோரும் சொல்வார்கள். பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதை அவர் உங்களுக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். நாளைக்கு நீங்களும் இதையே இன்னொருவருக்குச் சொல்லி விற்பீர்கள்.

ஃபிட்டின் கதை இதுதான். அந்த மாடல் 2013 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2014 ஒக்டோபர் முடிய முன் ஹைபிரிட்டுக்கு ஐந்து ரீகால். ஐந்தாவது வந்தபோது ஹொண்டாவின் தலைவரும் மேலிடத்து ஆட்களும் மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை வெட்டிக்கொண்டார்கள். ஐந்தும் அந்த 7 வேக இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டியைப் பற்றியவை. ஆகவே உங்கள் இரண்டு நண்பர்களும் சும்மா பயமுறுத்தவில்லை.

இனி, பார்ப்பது எப்படி. வாகனப் புத்தகத்தில் அடிச்சட்ட இலக்கம் என்று ஒன்று இருக்கும், கராஜில் செசி நம்பர் என்பார்கள். ஜீபி5, ஒரு சின்னக் கோடு, பிறகு ஏழு இலக்கம். அதை ஹொண்டாவின் ஜப்பானியத் தளத்தில் ரீகால் தேடும் இடத்தில் போட வேண்டும். ஃபோனே மொழிபெயர்த்துத் தரும். ஒவ்வொரு ரீகாலும் வரிசையாக வரும், செய்ததா செய்யாததா என்பதோடு. எனக்கு ஒருமுறை "இன்னும் அமுல்படுத்தப்படாத நல்லெண்ண நடவடிக்கை" என்று வந்தது. விளங்கச் சொன்னால், ஒருவரும் கை வைக்கவில்லை.

புத்தகத்தின் படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கார் பாருங்கள்.

2025 ஜூன் 13, பின்னேரம்

ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: அமெரிக்க அரசின் தளத்தில் போட்டுப் பார்த்தாராம், ஒன்றும் வரவில்லையாம், ஆகவே அவருடைய வண்டி சுத்தமாம். ஐயா, அமெரிக்காக்காரன் கேட்பது 17 எழுத்தும் இலக்கமுமான நம்பர். ஜப்பானுக்குள் விற்கச் செய்த வண்டியில் அது இருக்காது. இல்லாத நம்பரைப் போட்டால் இல்லாத ரீகால்தான் வரும்.

அப்புறம் ஸ்டிக்கர். ஜப்பானில் ரீகால் வேலை முடிந்தால் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஓட்டுநர் கதவைத் திறந்தால் பூட்டு வந்து கொளுவுகிற இரும்பு வளையத்துக்குப் பக்கத்தில். அதில் ஒரு நம்பர் இருக்கும். ஸ்டிக்கர் இருந்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

2025 ஜூன் 15

இரண்டு இடத்தில் பிழை விட்டேன்.

ஒன்று, ஐந்தும் கியர் பெட்டி என்றது. இல்லை. தொடக்கத்தில் வந்தவைதான் கியர் பெட்டியும் அதன் மென்பொருளும். 2014 ஜூலையில் வந்தது என்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்: வண்டி எதிர்பாராமல் வேகமெடுக்கலாம் என்று 1 லட்சத்து 75 ஆயிரம் வரையான ஃபிட், வெசல் ஹைபிரிட்களைத் திருப்பி அழைத்தார்கள். ஒக்டோபரில் வந்தது என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் கொயில் சம்பந்தப்பட்டது. அதில் ஃபிட் மட்டுமில்லை, வேறு மாடல்களும் சேர்த்து 4 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல். ஞாபகத்திலிருந்து எழுதினால் இப்படித்தான்.

இரண்டு, ஸ்டிக்கர். ஒரு ஸ்டிக்கர் இருந்தால் ஒரு ரீகால்தான் முடிந்திருக்கிறது. ஐந்து ரீகால் வந்த வண்டியில் ஒரு ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் மிச்சம் நான்கு என்ன ஆனது? நம்பரைப் பாருங்கள். கொழும்பில் கதவுச் சட்டத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும்போது ஸ்டிக்கர் உரிந்து போயிருக்கவும் கூடும். அப்படியானால் ஏன் அந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள் என்று வேறொரு கேள்வி வரும். செசி நம்பர் தேடலைத்தான் கடைசிப் பேச்சாக எடுங்கள்.

2025 ஜூன் 16

"மென்பொருள் மாற்றிவிட்டால் கியர் பெட்டி சரியாகிவிடுமா?" என்று தெஹிவளைக்காரர் திரும்பக் கேட்கிறார். நல்ல கேள்வி. மென்பொருள் ரீகால் ஒரு பிரச்சினை, கிளட்ச் தேய்வது வேறு பிரச்சினை. விற்பவர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடுவார்.

அந்தக் கியர் பெட்டிக்குள் இருப்பது ஒயிலில் நனையாத உலர் கிளட்ச். நாங்கள் பழகிய சாதாரண ஓட்டோ கியரில் வண்டி ஊரும்போது நடுவில் இருக்கிற திரவம் வழுக்கிக் கொடுக்கும், தேய ஒன்றுமில்லை. இதில் வழுக்குவது கிளட்ச் தட்டேதான். பழைய மெனுவல் காரில் பாதிக் கிளட்சில் காலை வைத்துக்கொண்டே போனால் தகப்பன் திட்டுவாரே, அதே வேலையை இங்கே கம்பியூட்டர் செய்கிறது. திட்ட ஆளில்லை.

இப்போது பின்னேரம் ஐந்தரைக்கு வெள்ளவத்தைச் சந்தியில் காலி வீதியை நினைத்துப் பாருங்கள். ஐந்தடி ஊரல், நிற்றல், மூன்றடி ஊரல், முன்னால் ஒரு த்ரீவீல் நுழைதல். பட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டார் இழுக்கும், கிளட்சுக்கு வேலை குறைவு. ஏசியும் போட்டு அரை மணித்தியாலம் போனால் சார்ஜ் இறங்கும், என்ஜின் வரும், கிளட்ச் வழுக்கத் தொடங்கும், சூடு ஏறும். அதிகம் சூடானால் வண்டியே எச்சரிக்கை காட்டும்.

ஆகவே ஓட்டிப் பார்ப்பது காலை ஏழு மணிக்கு வெறும் தெருவில் வேண்டாம். விற்பவர் அந்த நேரத்தைத்தான் சொல்வார். பின்னேரம் போங்கள். ஏசியைப் போடுங்கள். ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், ரிவர்ஸில் ஏற்றத்தில் ஒருமுறை. நின்று எடுக்கும் அந்த முதல் இரண்டு மீட்டரில் ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கினால் கிளட்சைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல் இருந்தாலும் அப்படித்தான். ஒரு தரம் நடுங்கினால் விடலாம், திரும்பத் திரும்ப என்றால் கராஜில் கம்பியூட்டர் போட்டுப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

வாங்கினால் ஓட்டுகிற பழக்கத்தையும் மாற்ற வேண்டும். முன்னால் இடம் விட்டு நில்லுங்கள், சேர்த்து ஒரேயடியாக எடுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள். முன்னால் இடம் விட்டால் த்ரீவீல் நுழையும் என்பது எனக்கும் தெரியும்.

2025 ஜூன் 19

இனி என் சொந்தக் கதை. என்ன வண்டி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் இது அந்த நிறுவனத்தைப் பற்றிய சண்டையாகிவிடும். ஒரு ஜப்பானியச் சின்னக் கார், ஹைபிரிட் இல்லை, நான் நான்காவது கை. 2018இல் வாங்கியது.

எனக்கும் "ரீகால் ஒன்றும் இல்லை" என்றுதான் சொன்னார்கள். ஏழு வருடம் நானும் நம்பினேன். தெஹிவளைக்காரருக்குப் பெரிய மனுஷன் மாதிரி 13ஆம் திகதி புத்தி சொல்லிவிட்டு, படுக்கப் போகும்போது யோசித்தேன், என் நம்பரை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லையே என்று. எழும்பிப் போட்டேன். முன் பயணி எயார்பேக், காற்று நிரப்பும் பகுதி, செய்யப்படவில்லை.

அந்த சீட்டில் அம்மா இருப்பார். வாரத்தில் மூன்று நாள்.

தெரியாதவர்களுக்கு: டகாட்டா என்கிற ஜப்பானிய நிறுவனம் உலகத்தின் பாதிக் கார்க் கம்பனிகளுக்கு எயார்பேக் செய்து கொடுத்தது. பையை ஊதவைக்க அமோனியம் நைத்திரேற்றைப் பாவித்தார்கள். அது வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் இருந்தால் கெட்டுப்போகிறது. கெட்டது வெடிக்கும்போது அளவுக்கு மிஞ்சி வெடிக்கிறது, சுற்றியிருக்கிற இரும்புக் கூடு துண்டு துண்டாகப் பறக்கிறது. காப்பாற்ற வைத்த பைக்குள்ளிருந்து சன்னம் மாதிரி வரும். 2008இல் ரீகால் தொடங்கியது. உலகத்திலேயே பெரிய வாகன ரீகால் இதுதான். 2017 ஜூனில் அந்த நிறுவனம் வங்குரோத்தானது.

இதில் எங்களைக் குத்துகிற இடம் வெக்கையும் ஈரமும். அமெரிக்காவில் மாற்றும்போது புளோரிடா, ஹவாய் போன்ற இடங்களை முதல் வரிசையில் வைத்தார்கள், அங்கேதான் சீக்கிரம் கெடும் என்பதால். அமெரிக்காவுக்கு வெளியே முதலில் அறியப்பட்ட மரணம் 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக்கில், ஒரு கர்ப்பிணிப் பெண். அங்கத்தைய காலநிலையும் கொழும்பின் காலநிலையும் அண்ணன் தம்பி. ஜப்பானின் குளிரில் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் தாங்கியிருக்கக்கூடிய சாமானை நாங்கள் மரைன் டிரைவ் வெயிலில் பார்க் பண்ணி வைத்திருக்கிறோம்.

ஜப்பானில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2018 மே முதல், ஆபத்துக் கூடிய அந்த எயார்பேக்கை மாற்றாத வண்டியை ஷாக்கென் என்கிற கட்டாயப் பரிசோதனையில் விடுவதில்லை. மாற்றாமல் ஓடவே முடியாது. அந்த விதி வரும்போது என் வண்டி கொழும்புக்கு வந்து எவ்வளவோ காலம். இங்கே வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகை பார்க்கிறார்கள், காப்புறுதி பார்க்கிறார்கள். ரீகாலை ஒருவரும் கேட்பதில்லை. ஜப்பானில் பழைய சொந்தக்காரருக்குக் கடிதம் போயிருக்கும். அவர் வண்டியை விற்றதே மறந்திருப்பார்.

அம்மாவிடம் இனிப் பின்னால் இருங்கோ என்றேன். "பின்னால இருந்தா தலை சுத்தும். நீ என்ன, டாக்ஸி ஓடுறியா?"

2025 ஜூன் 19, இரவு

ஃபியூஸைக் கழற்றிவிட்டால் எயார்பேக் வேலை செய்யாது, பிரச்சினை தீர்ந்தது. நாளைக்குச் செய்யப் போகிறேன்.

2025 ஜூன் 20

செய்யவில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

கிருலப்பனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் இருக்கிறார், முப்பது வருடம் இதே தொழில். நான் ஃபியூஸ் என்றதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஃபியூஸைக் கழற்றினால் ஓட்டுநர் பக்கப் பையும் போகும். மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற பொறியும் அதே கட்டுப்பாட்டில்தான். ஒரு பையை நிறுத்தப் போய் எல்லாவற்றையும் நிறுத்துவேன். அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றுவதுதான் லேசான வழி என்றார். லேசாம்.

2025 ஜூன் 23

என் கார் நிறுவனத்தின் இங்கத்தைய ஏஜென்ட் ஆட்களிடம் போனேன். யார் என்று எழுதவில்லை. முதல் பதில், "இது நாங்கள் கொண்டுவந்த வண்டி இல்லை." அது உண்மைதான், ஜப்பானில் ஓடியதை வேறு ஆட்கள் கொண்டுவந்து விற்ற ரீகண்டிஷன் வண்டி. செசி நம்பரும் ஜப்பானியப் பக்கத்தின் அச்சுப்பிரதியும் கையில் இருந்ததால் இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்துவிட்டு ஒரு படிவம் தந்தார். பாகம் வந்தால் அழைப்பார்களாம், காசு வேண்டாமாம். எப்போது வரும்? "ப்ரஷ்னயக் நே மாத்தயா (பிரச்சினை இல்லை ஐயா), கோல் பண்ணுவோம்."

அச்சுப்பிரதி இல்லாமல் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூன் 28

பழைய வாகனப் பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் கழற்றிய எயார்பேக் வாங்கிப் போடலாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கதவு வாங்குங்கள், பம்பர் வாங்குங்கள், லைட் வாங்குங்கள், நானே வாங்கியிருக்கிறேன். எயார்பேக் வேண்டாம். வெட்டிய வண்டி எது, அதற்கு ரீகால் இருந்ததா என்று அந்தப் பையில் எழுதியிருக்காது. கெட்ட ஒன்றைக் கழற்றிவிட்டு அதைவிடக் கெட்ட ஒன்றைக் காசு கொடுத்துப் பூட்டலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, தெஹிவளைக்காரர் கட்டாயம் பார்க்க வேண்டியது. சாவியைப் போட்டு இக்னிஷனை ஒன் பண்ணும்போது எயார்பேக் லைட் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பிழை இருக்கிறது. எரியவே இல்லாவிட்டால் அதைவிட மோசம். விபத்தில் பை வெடித்த வண்டிகளுக்கு டாஷ்போர்டை ஒட்டி, பைக்குப் பதிலாக ஒரு சின்ன ரெசிஸ்டரைப் போட்டுக் கம்பியூட்டரை ஏமாற்றுவார்கள். அதுவும் முடியாவிட்டால் லைட்டையே கழற்றுவார்கள். அப்போது உங்களுக்கு முன்னால் இருப்பது வெறும் பிளாஸ்டிக். ரீகாலைப் பற்றிக் கவலைப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

ஜப்பானில் வண்டியை ஏலத்தில் விற்கும்போது அதன் நிலைக்குப் புள்ளி போடுகிற ஏலத் தாளைக் காட்டுவார்கள், 4.5 என்று. கொழும்பில் 4.5க்குக் கீழே எந்த வண்டியும் இறங்கியதில்லை போல. தாளில் ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்துத் திருத்தம் என்று அர்த்தம். ஆனால் தாள் காட்டுவது ஜப்பானில் நடந்ததை மட்டும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் கூரை வரை நின்ற வண்டிகளை எந்த ஏலத் தாளும் சொல்லாது. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து, கடைசி ஒரு அடியைப் பாருங்கள். சேறு அங்கேதான் மிச்சம் இருக்கும்.

2025 ஜூலை 6

கொஞ்சம் வழி மாறுகிறேன். மச்சானின் ஹைபிரிட் போன கிழமை எச்சரிக்கை லைட் போட்டது. கராஜ் ஒன்றில் பட்டரி முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கக்கூடிய தொகையையும் சொன்னார்கள். அவர் முகம் வெளுத்து வந்தார். பின் சீட்டுக்குப் பக்கத்தில் பட்டரிக்குக் காற்று இழுக்கிற வலை இருக்கிறது. அதைக் கழற்றினால் ஒரு கம்பளி ஆடு. நாய்மயிர், பிஸ்கட் தூள், பிள்ளையின் காலுறை ஒன்று. துடைத்து, உள்ளே இருந்த விசிறியையும் சுத்தம் செய்தோம். லைட் இன்றுவரை வரவில்லை. பட்டரி நல்லது என்று சொல்ல வரவில்லை, அதற்கும் வயசாகிறது. ஆனால் பட்டரி மாற்றும் முன் வலையைப் பாருங்கள்.

அவர் வண்டி 2022இல் நாட்டில் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் கராஜில் கிடந்தது. வரிசையில் நின்ற இரண்டு இரவைத் தவிர அசையவே இல்லை. ஹைபிரிட் பட்டரியைச் சார்ஜ் இறங்கவிட்டு அப்படிப் போட்டு வைப்பது நல்லதில்லை. பழைய ஹைபிரிட் வாங்குகிறவர்கள் 2022இல் வண்டி ஓடியதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மீட்டர் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் முந்தி மீட்டர் குறைவென்றால் சந்தோஷப்படுகிற ஆள்.

2025 ஜூலை 21

தெஹிவளைக்காரர் எழுதியிருக்கிறார். விற்பவர் ஒரு கிழமை இழுத்து, கடைசியில் புத்தகத்தின் படம் அனுப்பினாராம். செசி நம்பர் போட்டதில் அந்த வண்டிக்கு வந்த ரீகால் எல்லாமே செய்யப்பட்டிருக்கிறது. ஆக விற்பவர் சொன்னது உண்மைதான். ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு ஓட்டியதில் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் நடுக்கம், தெஹிவளைப் பாலத்தில் ஏறும்போது கூட. "ஏசி போட்டால் அப்படித்தான்" என்றாராம். கம்பியூட்டர் போட்டுப் பார்க்கக் கேட்டதற்கு வேறு ஆள் வாங்கக் காத்திருக்கிறார் என்றாராம். நல்லது, அவர் வாங்கட்டும்.

இப்போது அவர் சாதாரண பெற்றோல் வண்டி ஒன்று பார்க்கிறார். அதன் நம்பரைப் போட்டதில் ஓட்டுநர் எயார்பேக் செய்யப்படாமல் இருக்கிறதாம். அதையே சொல்லி விலையைக் குறைக்கலாமா என்று கேட்டார். குறையுங்கள், குறைத்துவிட்டு மறுநாளே படிவத்தைக் கொடுங்கள் என்றேன். குறைத்த காசை ஸ்பீக்கருக்குச் செலவழிப்பார் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே எந்த ஸ்பீக்கர் நல்லது என்று கேட்டுவிட்டார்.

2025 ஓகஸ்ட் 3

இன்னும் அழைக்கவில்லை. அம்மா இரண்டு கிழமையாகப் பின்னால்தான். கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் என் தோளுக்குப் பின்னால் இருந்து வழி சொல்கிறார்.

2025 செப்டம்பர் 9

பதினோரு கிழமைக்குப் பிறகு அழைத்தார்கள். நேற்றுக் காலை விட்டேன், மத்தியானம் எடுத்தேன். காசு வாங்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். ஒரு கடிதம் தந்தார்கள், செசி நம்பரும் திகதியும் போட்டு. வாகனப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன், விற்கும்போது தேவைப்படும்.

ஜப்பானியப் பக்கத்தில் இன்றைக்கும் செய்யப்படவில்லை என்றுதான் வருகிறது. இங்கே செய்தது அங்கே பதிய நாளாகுமா, பதியவே மாட்டார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

அம்மாவிடம் இனி முன்னால் வரலாம் என்றேன். பின்னால் கால் நீட்ட வசதியாம்.